மனித உரிமைகள் முதுமாணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பது: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ பட்டம் முடித்து, மனித உரிமைகள் துறையில் வெளிநாட்டில் முதுமாணி செய்யத் தீர்மானித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி விண்ணப்பிக்கிறவர்களுடன் இருந்து அவர்களின் படிவங்களையும் கட்டுரைகளையும் பார்த்து வருகிறேன். புள்ளி போதாமல் நின்றவர்கள் சிலர்தான். நல்ல பெறுபேறும் அனுபவமும் இருந்தும், ஒன்றை முந்திச் செய்ய வேண்டிய இடத்தில் பிந்திச் செய்து ஒரு வருடத்தை இழந்தவர்களே அதிகம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

செப்டெம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்றால், அதற்கு முந்திய வருடத்தின் மார்ச், ஏப்ரலில் முதல் படியைத் தொடங்குங்கள். பதினெட்டு மாதம். இதைவிடக் குறைந்த காலத்திலும் அனுமதி எடுக்கலாம். ஆனால் முழுச் செலவையும் தரும் புலமைப்பரிசில்களின் முடிவுத் திகதி அதற்குள் கடந்துவிடும்.

1. நாட்டுக்கு முன் கேள்வியைத் தெரிவு செய்யுங்கள்

"எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது, நீங்கள் எந்தப் பிரச்சினையைப் படிக்கப் போகிறீர்கள் என்பது. கேள்வி தெளிவானால் பட்டத்தின் வகை, பல்கலைக்கழகம், புலமைப்பரிசில் கட்டுரை, கடைசியில் ஆய்வேடு எல்லாம் அதிலிருந்தே வரும். கேள்வி இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு படிவத்துக்கும் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டி வரும். வாசிப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

எங்களிடம் கேள்விக்குப் பஞ்சமில்லை. செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் 2025 இல் நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது. சந்தேகத்துக்குரிய மரணங்களை விசாரிப்பதற்கு ஐக்கிய நாடுகளின் மினசோட்டா நெறிமுறை 2016 இல் திருத்தப்பட்ட வடிவில் இருக்கிறது. உறவினர்களுக்கு அந்த நெறிமுறை தரும் இடம் இங்கே எந்தளவுக்குக் கிடைக்கிறது? இது ஒரு கேள்வி. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்களின் வீட்டுரிமையை, இடம்பெயர்ந்தோரின் வீடு, காணி மீளளிப்புப் பற்றிய 2005 ஆம் ஆண்டின் பின்ஹெய்ரோ கோட்பாடுகளுடன் வைத்துப் பார்ப்பது இன்னொன்று.

போரோடு தொடர்புடைய ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பஸ் ஏற முடியுமா என்று பாருங்கள். அதிலும் ஒரு முதுமாணிக்கான கேள்வி இருக்கிறது. நுண்கடனில் சிக்கிய பெண்கள், மீனவரின் வாழ்வாதாரம், சாதி என்று இன்னும் பல இருக்கின்றன.

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். நான் அறிய விரும்புவது என்ன, சட்டம் இப்போது என்ன சொல்கிறது, எங்கே இடைவெளி, அதை ஆராய எனக்கு இன்னும் எந்தப் பயிற்சி இல்லை. ஏன் வெளிநாடு, ஏன் இந்தப் படிப்பு என்பதற்கான பதில் நான்காவது வரியில் இருக்கிறது. அது எழுத வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. சட்டப் பட்டமா, சமூக அறிவியல் பட்டமா

இந்தத் துறையில் முதுமாணி இரண்டு பெரிய வகை. எல்எல்எம் சட்டம் சார்ந்தது: ஒப்பந்தங்கள், தீர்ப்புகள், ஐ.நா. பொறிமுறைகள். எம்ஏ, எம்எஸ்சி ஆகியவை அரசியல், சமூகவியல், மெய்யியல் ஆகியவற்றையும் கலந்து படிப்பிக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் நீதிமன்றத் தீர்ப்புகளில் கிடைக்குமென்றால் முதலாவது. மனிதர்களிடம் பேசித்தான் கிடைக்குமென்றால் இரண்டாவது.

எல்எல்பி என்ற சட்ட இளமாணிப் பட்டம் இல்லாதவர்களைச் சில மனித உரிமை எல்எல்எம்கள் எடுக்கும், பல எடுக்கா. சட்டக் கல்லூரியூடாகச் சட்டத்தரணி ஆகி, பட்டம் எதுவும் இல்லாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது தொழிற்தகைமை, முதுமாணிக்கு அனுமதிக்கப் போதுமா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டம் உள்ளவர்களும் இதையே கேளுங்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு.

3. ஐந்தாறு இடங்களைப் பட்டியலிடுங்கள்

தரவரிசைப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, கட்டாயப் பாடங்களின் பட்டியலைத் திறவுங்கள். உங்கள் நான்கு வரிக்குத் தொடர்பான பாடம் குறைந்தது இரண்டாவது இருக்கிறதா, அதைப் படிப்பிப்பவர் அண்மையில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார், மாணவர் உண்மையான வழக்குகளில் வேலை செய்யும் பயிற்சிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரித்தானியாவில் கொல்செஸ்டரில் உள்ள எசெக்ஸ் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் நீண்ட காலமாக இயங்குகிறது. எல்எல்எம், எம்ஏ இரண்டும் அங்கே உண்டு. லண்டனில் எல்எஸ்இ, யூசிஎல், சோஆஸ். அயர்லாந்தில் கோல்வே பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் மனித உரிமைகள் மையம். சுவீடனில் லுண்ட், மனித உரிமை ஆய்வு நிறுவனமான ராவுல் வாலன்பெர்க் நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. வெனிஸின் லிடோ தீவில் முதல் பருவத்தைப் படித்து, இரண்டாம் பருவத்துக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகும் ஐரோப்பிய முதுமாணி. வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம். கோத்தன்பேர்க், டெயுஸ்டோ முதலிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும், ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் முண்டுஸ் மனித உரிமை முதுமாணி.

எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத ஓர் இடம் தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகம். அங்கே மனித உரிமைகளுக்கும் சமாதானக் கற்கைகளுக்குமான நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதுமாணி நடத்துகிறது. ஆசிய பசுபிக் முதுமாணித் திட்டமும் அங்கிருந்துதான் நடக்கிறது. காணாமல் ஆக்கப்படுதல், இராணுவமயமாக்கல், காணி என்று எங்களுக்குப் பழக்கமான பிரச்சினைகளைக் கொண்ட நேபாளம், மியன்மார், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளைப் பற்றி அங்கே நிறையப் பேசப்படும். வாழ்க்கைச் செலவும் லண்டனுடன் ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. "தாய்லாந்தா?" என்று வீட்டில் முகம் சுளித்தாலும் உங்கள் பட்டியலில் இதை வைத்திருங்கள்.

பழைய தகவலை நம்பி இடம் தெரிவு செய்யாதீர்கள். நோர்வேயில் படிப்பு இலவசம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 2023 இலையுதிர் பருவத்திலிருந்து அங்கே கட்டணம் உண்டு. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்றாலும், பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

4. எல்லாப் பத்திரத்திலும் பெயரை ஒரே எழுத்துக்குக் கொண்டு வாருங்கள்

பலரும் கடைசியில் செய்வது இது. நான்காவது படியில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இதற்குப் பின் வரும் ஒவ்வொரு படியும் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்தில் நிற்கிறது. ஆங்கிலப் பரீட்சைக்குக் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதிய வேண்டும். அனுமதிக் கடிதம், வங்கிக் கூற்று, விசா எல்லாம் அதே எழுத்தில் வர வேண்டும்.

எங்கள் பெயர்களில் எங்கே பிழைக்கிறது? கஜந்தினி என்று ஒரு பிள்ளை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. சாதாரண தரச் சான்றிதழில் பெயர் 'ஜி'யில் தொடங்குகிறது. உயர்தரத்தில் யாரோ 'கே' போட்டுவிட்டார்கள். பட்டச் சான்றிதழில் நடுவில் 'டிஎச்', கடவுச்சீட்டில் வெறும் 'டி'. தகப்பனாரின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்து, ஓரிடத்தில் முழுதாக, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில். ஊரில் எல்லோருக்கும் இது ஒரே பிள்ளை. படிவத்தைப் பார்க்கும் வெளிநாட்டு அலுவலருக்கு மூன்று பேர்.

சரிசெய்யும் ஒழுங்கு இது. பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லையென்றால், பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் எழுத்தைச் சரிபாருங்கள். அச்சான பின் மாற்றுவது பெரும் பாடு. கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால் பட்டச் சான்றிதழில் உள்ள எழுத்தின்படியே எடுங்கள். யாழ் மாவட்டச் செயலகத்தில் 2025 செப்டெம்பரில் கடவுச்சீட்டுப் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டிருப்பதால் இதற்காக வவுனியாவுக்கோ கொழும்புக்கோ அலைய வேண்டிய தேவை இப்போது இல்லை. இரண்டும் ஏற்கெனவே வேறு வேறு எழுத்தில் இருந்தால், "இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன" என்று எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். கையொப்பமிடுபவரின் பதவியும் முத்திரையும் தெளிவாக விழ வேண்டும்.

அதோடு சேர்த்து எடுக்க வேண்டியவை: பிரதேச செயலகத்திலிருந்து புதிய பிறப்பு அத்தாட்சிப் பிரதி, அதற்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பெயர்ப்பு, பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையிலிருந்து உறையிட்டு முத்திரை வைத்த பெறுபேற்றுப் பதிவுகள். கடைசியாகச் சொன்னதில் நான்கைந்து பிரதி ஒரே தடவையில் கேளுங்கள். ஒவ்வொரு இடமும் உறை உடைக்காமல் கேட்கும். திரும்பத் திரும்ப விண்ணப்பித்தால் ஒவ்வொரு முறையும் வாரங்கள் போகும். பட்டமளிப்பு நடக்கும்வரை, பட்டம் செல்லுபடியாகும் திகதியைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றையும் வாங்குங்கள்.

வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்படும் நாடென்றால், மாவட்டச் செயலகத்திலேயே கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் பத்திரத்தை வழங்கிய நிறுவனத்தின் கையொப்பம் உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். நேரே போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

5. புலமைப்பரிசில் நாட்காட்டியைப் பல்கலைக்கழக நாட்காட்டிக்கு மேலே வையுங்கள்

அனுமதி கிடைத்த பின் புலமைப்பரிசில் தேடலாம் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். முழுச் செலவும் தரும் பெரும்பாலான புலமைப்பரிசில்கள் அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும்.

ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டாட் நடத்தும் ஹெல்முட் ஷ்மிட் திட்டத்துக்கு ஜூலை இறுதி வழக்கமான எல்லை. படிப்பு அதற்கடுத்த வருடம். அது மனித உரிமைப் பட்டம் என்ற பெயரில் வராது, நல்லாட்சி, பொதுக்கொள்கை, சமாதானக் கற்கை என்று வரும். பிரித்தானிய அரசின் புலமைப்பரிசிலான செவனிங் ஓகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடும். எராஸ்மஸ் முண்டுஸ் திட்டங்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில். சுவீடனில் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே இணையவாசல். ஜனவரி நடுப்பகுதியில் மூடும், 900 குரோனர் கட்டணம். அமெரிக்காவுக்கு இலங்கை அமெரிக்க ஃபுல்பிரைட் ஆணைக்குழுவூடாக முதுமாணி விருது உண்டு.

செவனிங்குக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். ஏறத்தாழ இரண்டு வருட முழுநேர வேலை. பகுதிநேர வேலையையும் தொண்டர் வேலையையும் கணக்கில் எடுக்கலாம். இங்கேதான் எங்கள் பிள்ளைகள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண்கள் அமைப்பில் முறைப்பாடுகளைப் பதிந்திருப்பார்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் பயிற்சி பெற்றிருப்பார்கள். ஒரு கடிதமும் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். இன்றே ஒரு கொப்பி போட்டு, எந்த மாதம், எந்த நிறுவனம், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், யார் உறுதிப்படுத்துவார் என்று எழுதுங்கள். பட்டம் முடித்த பின் செய்தவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

செவனிங், ஃபுல்பிரைட் இரண்டிலும் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடத்துக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வீட்டாருடன் இதை இப்போதே பேசுங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் கட்டணத்தைக் கட்டி, மாதம் 1,400 யூரோ தருகிறது. அதில் திரும்பும் நிபந்தனை இல்லை.

6. ஆங்கிலப் பரீட்சை

கடவுச்சீட்டு கைக்கு வந்த பின் ஐஈஎல்டிஎஸ் பதியுங்கள். பெறுபேறு இரண்டு வருடத்துக்குச் செல்லும். ஆகவே மிக முந்தி எழுதுவதிலும் பயனில்லை. பெரும்பாலான மனித உரிமை முதுமாணிகள் மொத்தம் 6.5 அல்லது 7 கேட்கும். எழுத்துப் பகுதிக்குத் தனி எல்லையும் இருக்கும். எங்கள் மாணவர் தடக்குவது எழுத்தில்தான். இலக்கணத்தைவிட, வாதத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாததே அதற்குப் பெரும் காரணம். அந்தப் பயிற்சியை எட்டாம் படியில் உள்ள கட்டுரையோடு சேர்த்தே செய்யலாம்.

ஆங்கில மொழிமூலம் படித்ததற்கான கடிதத்தைச் சில இடங்கள் ஏற்கும். நீங்கள் தமிழ்மூலத்தில் படித்திருந்தால் அந்த வழியை மறந்துவிடுங்கள்.

7. பரிந்துரைக் கடிதம் கேட்பது

பொதுவாக இரண்டு வேண்டும்: ஒன்று உங்களைப் படிப்பித்தவர், மற்றது வேலையில் உங்களை மேற்பார்த்தவர். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரையை வரி வரியாகத் திருத்திய இளம் விரிவுரையாளரின் கடிதம், உங்களைப் பட்டமளிப்பு மேடையில் மட்டும் கண்ட பீடாதிபதியின் கடிதத்தைவிடப் பெறுமதியானது. எதைச் செய்தீர்கள் என்று அவரால் குறிப்பாக எழுத முடியும்.

"சேர், ஒரு ரெக்கமண்டேஷன் வேணும்" என்று மட்டும் கேட்டால், "நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ தம்பி" என்ற பதில் வரும். அப்படி எழுதிக் கொடுத்தால் உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருக்கும். தெரிவுக்குழு அதைக் கண்டுபிடிக்கும். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள்: எந்த வருடம் எந்தப் பாடம் படித்தேன், அதில் நான் செய்த வேலை, இப்போது விண்ணப்பிக்கும் படிப்பு, முடிவுத் திகதி. அதை வைத்துக்கொண்டு எழுதுவது அவர்களுக்கும் சுலபம். ஆறு வாரம் முந்திக் கேளுங்கள், இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு தடவை நினைவூட்டுங்கள்.

அவர்களின் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். ஜிமெயில் முகவரியைப் பல இணையவாசல்கள் ஏற்கா.

8. நோக்கக் கூற்று எழுதுதல்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

நான் வாசிக்கும் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கும்: "போரின் கொடுமைகளுக்கு மத்தியில் பிறந்து வளர்ந்த நான், சிறு வயதிலிருந்தே மனித உரிமைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தேன்." இது பொய்யில்லை. ஆனால் வடக்கிலிருந்து போகும் அடுத்த விண்ணப்பமும் அதே வரியில் தொடங்கும். இந்த மாணவர் எதைச் சிந்திக்கிறார் என்பது அதிலிருந்து தெரியாது.

அதே பிள்ளை திருத்தி எழுதினால் எப்படி இருக்கும்? "வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பான 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதை ஒரு குற்றமாக்கியது. என் வேலையில் நான் சந்திக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அதற்குப் பல வருடங்கள் முன்பே காணாமல் ஆக்கப்பட்டவர்கள். ஆளின் கதி தெரியும்வரை தொடரும் குற்றம் இது என்பது சர்வதேசச் சட்டத்தின் நிலைப்பாடு. அப்படியானால் இந்தச் சட்டம் அவர்களுக்குப் பயன்படுமா? தொடர் குற்றம் என்ற கோட்பாட்டைப் பிற நாட்டு நீதிமன்றங்கள் எப்படிக் கையாண்டன என்று படிக்க விரும்புகிறேன்." இந்த ஐந்து வரியில் அனுபவம் இருக்கிறது, சட்ட அறிவு இருக்கிறது, கேள்வி இருக்கிறது, ஏன் இந்தப் படிப்பு என்பதும் இருக்கிறது. ஈடுபாடு என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அடுத்த பந்திகளுக்கான ஒழுங்கு: கேள்வி, அதற்கு உங்களைக் கொண்டுவந்த வேலை, அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் எதற்கு உதவும், திரும்பி வந்து எந்த நிறுவனத்தில் எந்த வேலை. "சமூகத்துக்குச் சேவை செய்வேன்" என்று முடிக்காதீர்கள். அடிப்படை உரிமை மனுக்களில் வேலை செய்யும் சட்டத்தரணியாக, தகவலறியும் சட்டத்தைப் பயன்படுத்திக் காணி ஆவணங்களைத் தேடும் ஆய்வாளராக, பல்கலைக்கழக விரிவுரையாளராக என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் நடந்த இழப்பைப் பற்றி. அதை எழுத வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. துயரத்தை விரித்து எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத விரும்பினால் ஓரிரு வரியில், உங்கள் கேள்வியோடு தொடர்புபடுத்தி எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தயங்கும் எதையும் ஒரு தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.

மற்றவர்களின் இழப்பைப் பற்றியோ என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வேலையில் நீங்கள் கேட்ட வாக்குமூலம் உங்களுடையதல்ல. பெயர், கிராமம், திகதி, இராணுவ முகாமின் பெயர் என்று ஆளை அடையாளம் காட்டும் எதுவும் விண்ணப்பத்தில் வரக்கூடாது. அந்தத் தாய் உங்களை நம்பிச் சொன்னது முறைப்பாட்டுக்காக, உங்கள் அனுமதிக்காக அல்ல. இதை மதித்து எழுதிய விண்ணப்பத்தைத் துறை அறிந்த பேராசிரியர் உடனே இனங்காண்பார்.

எழுத்து மாதிரி கேட்கும் இடங்களுக்கு ஒரு தீர்ப்பை எடுத்து ஆராயுங்கள். இலங்கை 1997 இல் குடியியல் அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தின் விருப்புரிமை நெறிமுறையில் (தனிநபர் ஐ.நா. குழுவிடம் முறையிட வழி தருவது) இணைந்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் சொன்ன 2006 ஆம் ஆண்டின் சிங்கராசா வழக்கு நல்ல தொடக்கம். தீர்ப்பு சிறியது, விவாதம் பெரியது, மூலத்தை நீங்களே முழுதாக வாசித்து முடிக்கலாம்.

9. அனுமதி வந்த பின்: காசைக் காட்டுவது

புலமைப்பரிசில் கிடைத்தவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். சொந்தச் செலவில் போகிறவர்கள் நிபந்தனை அனுமதிக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். பிரித்தானியாவை வைத்துச் சொல்கிறேன், எங்களவர் அதிகம் போவது அங்கேதான்.

"சித்தப்பா லண்டனில இருக்கிறார், காசுக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்வார்கள். சித்தப்பாவின் கணக்கில் இருக்கும் காசை மாணவர் விசாவுக்கு ஏற்க மாட்டார்கள். உங்கள் பெயரில், அல்லது அப்பா, அம்மா, சட்டப் பாதுகாவலர் பெயரில் இருக்க வேண்டும். பெற்றோரின் கணக்கென்றால் பிறப்பு அத்தாட்சியும் ஆங்கிலப் பெயர்ப்பும் அவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். நான்காம் படியில் எடுத்த பத்திரங்கள் இங்கே பயன்படும். சித்தப்பா உதவுவதென்றால் காசு முன்கூட்டியே உங்கள் கணக்குக்கு வந்து சேர வேண்டும்.

வந்த காசு தொடர்ந்து 28 நாள் தேவையான தொகைக்குக் கீழே ஒரு நாளும் இறங்காமல் இருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 31 நாளுக்குள் விழ வேண்டும். கட்டணத்தின் மீதியும், ஒன்பது மாதம்வரையான வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை அது. லண்டனுக்கு ஒரு வீதம், வெளியே குறைந்த வீதம்.

ரூபாயில் வைத்திருப்பவர்கள் சரியாக எல்லைத் தொகையை வைக்காதீர்கள். நாணய மாற்று வீதம் ஆடினால் ஒரு சில பவுண் குறைந்தும் விசா மறுக்கப்படும். கொஞ்சம் மேலதிகமாகவே வையுங்கள். அந்த 28 நாளுக்குள் வீட்டில் திருமணமோ வைத்தியச் செலவோ வந்தால் அதற்கு வேறு கணக்கிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நகையும் காணி உறுதியும் இதற்குக் கணக்கில் வரா.

செலவுப் பட்டியலில் விடுபடுவது மருத்துவ மேலதிகக் கட்டணம். 2024 பெப்ரவரியிலிருந்து மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். விசா படிப்புக் காலத்தைவிட நீளமாக வழங்கப்படுவதால் ஒரு வருட முதுமாணிக்கும் அதைவிடக் கூடவே கட்ட வேண்டி வரும், விண்ணப்பிக்கும்போதே முழுதாக. ஜேர்மனிக்கென்றால் முடக்கக் கணக்கு, அதாவது காசை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. 2024 செப்டெம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ.

கணவனோ மனைவியோ பிள்ளைகளோ உள்ளவர்கள் கவனிக்க: 2024 ஜனவரியிலிருந்து பிரித்தானியாவில் வகுப்பறை முதுமாணி படிப்பவர்கள் குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியாது. கட்டண முற்பணம் கட்டிய பிறகு இதை அறிந்து உடைந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

10. விசா

பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போவதற்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொழும்பில் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில் எடுக்க வேண்டும். ஆறு மாதம் செல்லும். இதற்கு நாள் முந்தியே பதிந்து, கொழும்பில் செய்ய வேண்டிய மற்ற வேலைகளையும் அதே பயணத்தில் முடியுங்கள்.

நேர்முகம் வந்தால் கேட்பது எளிய கேள்விகள்தான்: ஏன் இந்தப் பாடநெறி, எந்தப் பாடங்கள், எவ்வளவு கட்டணம், எங்கே தங்குவீர்கள், பிறகு என்ன செய்வீர்கள். முகவரிடம் முழுவதையும் ஒப்படைத்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். தங்கள் பாடநெறியின் பெயரையே அவர்கள் வாசித்திருக்க மாட்டார்கள். முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகுப்பணம் தருகிறது. தரகுப்பணம் தராத இடங்களை அவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார். மேலே சொன்ன வெனிஸ், எராஸ்மஸ், மஹிடோல் போன்றவற்றை நீங்கள் எந்த ஏஜென்சியிலும் கேள்விப்படாததற்கு அதுதான் காரணம். இந்தத் துறைக்கு முகவர் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். மறுப்பு மன்னிக்கப்படும். மறைத்ததாகத் தெரிந்தால் பல வருடத் தடை வரும்.

11. புறப்படுவதற்கு முன், ஆய்வேட்டுக்காக

ஒரு வருட முதுமாணியில் ஆய்வேடு கோடையில் எழுதப்படும். மனிதர்களிடம் பேசி எழுதுவதென்றால் முதல் நேர்காணலுக்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழு அனுமதிக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர், முன்னாள் போராளிகள், தடுப்பிலிருந்து வந்தவர்கள் என்றால் கேள்விகள் கூடும், நாட்களும் கூடும். ஆகவே விண்ணப்பத்தைப் பெப்ரவரி, மார்ச்சிலேயே போடுங்கள். மே மாதத்தில் ஊருக்கு வந்து வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுமதியைப் பிறகு கேட்டால், எடுத்த எதையும் பயன்படுத்த முடியாது. சொன்னவர்களின் நேரமும் கண்ணீரும் வீண்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே மூன்று வேலை செய்யலாம். நீங்கள் வேலை செய்த அமைப்பிடம், பின்னர் ஆய்வுக்குத் தொடர்புகொள்ளலாமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் பழைய பத்திரிகைகளையும் உள்ளூர் வெளியீடுகளையும் பாருங்கள். வெளிநாட்டு நூலகங்களில் கிடைக்காதவற்றைத் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்களுக்குத் தேவையான புள்ளிவிபரத்தை உரிய அலுவலகத்திடம் இப்போதே கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், மேன்முறையீடு செய்ய வேண்டியும் வரலாம். நீங்கள் போன பிறகு தபாலை எடுத்துப் படம்பிடித்து அனுப்பத் தம்பியிடமோ தங்கச்சியிடமோ சொல்லி வையுங்கள்.

நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டாம். பல்கலைக்கழகம் தரும் பாதுகாப்பான சேமிப்பில் அன்றே ஏற்றிவிட்டுத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலை உரையாடலிலிருந்து பிரித்து வேறிடத்தில் வையுங்கள். ஒழுக்கநெறிப் படிவத்திலும் இதைத்தான் கேட்பார்கள். எப்படிச் செய்வீர்கள் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தப் பகுதியை ஒரே நாளில் நிரப்பிவிடலாம்.